அது ராஜா கத்தி இல்லை!

காயலான் கடையிலும் சண்டே மார்க்கெட்டிலும் கிடைக்கும் விநோதக் கத்திகள்... பிறந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி காந்தி வீதியில் பெரிய கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றன. அவற்றின் வாசற்படிகளில் சண்டே மார்க்கெட் களைகட்டிவிட்டது. பனியன் குவியல், செருப்புக் குவியல், சார்ஜர் குவியல் எல்லாம் தாண்டிப் போனால், ஒரு நீலத் தார்ப்பாயின் மேல் இரும்பைக் கொட்டி வைத்திருக்கிறார் ஒரு வியாபாரி. துருப்பிடித்த ஸ்பேனர்கள், பித்தளைக் குழாய்கள், தலையில்லாத சுத்தியல், கைப்பிடி உடைந்த பாக்குவெட்டி. அவற்றுக்கு நடுவே ஒரு சாமான். ஒரு முனையில் விரல் நீளத்துக்குச் சின்ன அலகு. மறுமுனையில் கூரான ஊசி. இரண்டுக்கும் இடையில் பூண் போட்ட கைப்பிடி. ஊசி மடங்கிக் கைப்பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

“நவாப் காலத்து விஷக் கத்தி சார். இந்தப் பக்கம் வெட்டு, அந்தப் பக்கம் குத்து!” என்கிறார் வியாபாரி. கையில் வாங்கிப் பார்க்கும் இளைஞர் தன் நண்பரிடம், “ஆபரேஷன் கத்திடா... வெள்ளைக்காரன் காலத்து டாக்டர் வெச்சிருந்தது” என்கிறார். பேரம் தொடங்குகிறது.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அது எழுத்தாணி. பனையோலையை நறுக்கி ஓரம் சீவக் கத்தி, எழுத ஊசி. ஏதோ ஒரு கிராமத்துக் கணக்குப்பிள்ளையோ, திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரோ இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று எழுத்தாணியில் இருந்த வகைகளை உ.வே.சாமிநாதையர் தன் ‘என் சரித்திரத்தில்’ பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பிறந்த 1855க்கும் நமக்கும் நடுவே அந்தச் சாமான் பெயரை இழந்துவிட்டது. பெயர் போனதும் கதை ஒட்டிக்கொண்டது.

பழைய பொருள் மோகம் இப்போது உச்சத்தில் இருக்கிறது. செட்டிநாட்டு பங்களா ஹோட்டல் தொடங்கி அடையாறு காபி கஃபே வரை சுவரில் மாட்ட ஒரு பழைய கத்தி தேடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். விற்கப்படும் கத்திகளில் பாதிக்கு திப்பு சுல்தான் அப்பா. மீதிக்கு ஏதோ ஒரு பாளையக்காரர். ஆனால் அந்தக் குவியல்களைக் கொஞ்சம் நிதானமாகக் கிளறிப் பார்த்தால் தெரிவது வேறு. விசித்திரமாகத் தெரிகிற கத்திகளில் பெரும்பாலானவை ஆயுதமே அல்ல. அவை செத்துப்போன தொழில்களின் கருவிகள்.

ஆயுதங்கள் எங்கே போயின?

1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை. கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஊர் ஊராக ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878இல் நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் வந்தபோது, தமிழ்நாட்டின் கிராமத்து வீடுகளில் பறிப்பதற்கென்று பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பக்கத்திலேயே குடகில் கதை நேர்மாறு. குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. அதனால்தான் இன்றும் குடகுக் கல்யாண மாப்பிள்ளை இடுப்புத் துணியின் முன்பக்கம் வெள்ளி உறை போட்ட பீச்சக்கத்தியைச் செருகிக்கொண்டு நிற்கிறார். மைசூரு, ஊட்டி பக்கத்துப் பழைய பொருள் கடைகளில் சங்கிலியும் குட்டிக் குட்டிச் சாமான்களும் தொங்கும் வெள்ளி உறைக் கத்தியைப் பார்த்தால் குடகை நினைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் கனத்து அகன்று வளைந்த பெரிய கத்தி என்றால், அதே ஊரின் ஆயுதக்கத்தி. அதை முதுகுப்புறம் ஒரு பித்தளைக் கொக்கியில் மாட்டிக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஆயுதக் குவியல் தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தது. நாயக்கர்களும் மராட்டியரும் சேர்த்தது. 1855இல் சரபோஜி மன்னரின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், அரண்மனை ஆயுதச்சாலை கிழக்கிந்தியக் கம்பெனிக் கைக்குப் போனது. அருங்காட்சியகத்துக்கென்று கொஞ்சம் பொறுக்கியெடுத்துவிட்டு, மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878இல் ‘இண்டியன் ஆன்டிகுவரி’ இதழில் இதை எழுதி வைத்திருக்கிறார். ஆக, தஞ்சாவூர் அரசனின் கட்டாரியே அப்போது காயலான் கடைக்குத்தான் போயிருக்கிறது! தப்பியவை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்திலும், கடல் தாண்டி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

பிடி ஓர் ஊர், அலகு ஓர் ஊர்

இந்தத் தஞ்சைக் கட்டாரிகளில்தான் கத்தி ஆராய்ச்சியின் முதல் பாடம் இருக்கிறது. கைப்பிடியில் யாளி, கிளி, கொடி என்று அசல் தென்னாட்டு வேலைப்பாடு. அலகைத் திருப்பினால் அதில் ‘ஆந்த்ரேயா ஃபெராரா’ என்று இத்தாலியப் பெயர் பொறித்திருக்கும். சிலவற்றில் ஓடும் ஓநாய் உருவம் இருக்கும். அது ஜெர்மனியின் பாஸாவ், சோலிங்கன் ஊர்க் கொல்லர்களின் அடையாளம். போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரர்களும் கொண்டுவந்த ஐரோப்பிய வாள் அலகுகளை, உடைந்ததைக்கூட, நம்மூர்க் கம்மாளர்கள் வெட்டிச் சீராக்கி தங்கள் பிடியில் பொருத்தியிருக்கிறார்கள். இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. ஃபெராரா 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வாழ்ந்த கொல்லர். அவர் பெயருக்கு இருந்த மவுசைப் பார்த்து, அவர் செத்து நூறு வருடம் கழித்தும் ஜெர்மன்காரர்கள் அந்தப் பெயரைக் குத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயர் இத்தாலி, உருக்கு ஜெர்மனி, பிடி தஞ்சாவூர். ‘இது எந்த ஊர்க் கத்தி?’ என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

ராஜா கத்தியை விடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கும், சாப்பாட்டு மேஜையில் இறைச்சி அறுக்கும் ஒரு சாதாரணக் கத்தியை எடுத்துக்கொள்ளலாம். ‘ஷெஃபீல்டு’ என்று குத்தியிருக்கிறது. இங்கிலாந்துக் கத்தி, சரி. ஆனால் ஷெஃபீல்டின் நல்ல உருக்கு பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்து இறக்குமதியான இரும்பில் காய்ச்சியது. அந்த முரட்டுக் கொம்புப் பிடி? ஷெஃபீல்டுக்காரர்கள் ‘ஸ்டாக்’ என்று பெருமையாக விற்ற அந்தக் கொம்பின் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் கடம்பை மான்கள் உதிர்த்துப் போட்டது. மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போய், கத்தியோடு சேர்ந்து சென்னைத் துறைமுகத்தில் திரும்ப இறங்கியது. ஒரு சாப்பாட்டு மேஜைக் கத்திக்கு மூன்று தேசம்.

அலகில் இருக்கும் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அது செய்தவர் பெயரா, விற்றவர் பெயரா என்பதே குழப்பம். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டின் பெரிய கடைகள் வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன. ‘மெட்ராஸ்’ என்று பார்த்ததும் இங்கே அடித்த கத்தி என்று துள்ளிக் குதித்தால் ஏமாற்றம்தான்.

━━━━━━━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: முத்திரை சொல்லும் வயது

■ வெறும் ‘ஜெர்மனி’ அல்லது ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் 1887க்குப் பிந்தியது. பிரிட்டனின் சரக்கு முத்திரைச் சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. 1890இல் அமெரிக்காவும் இதைக் கட்டாயமாக்கியது.

■ ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில்.

■ ‘ஸ்டெயின்லெஸ்’, ‘ரோஸ்ட்ஃப்ரை’ (துருப்பிடிக்காதது) என்று இருந்தால் முதல் உலகப் போர்க் காலத்துக்கு முன்னால் போக வாய்ப்பில்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத உருக்கை வார்த்தது 1913இல்.

■ நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்திருந்தால் ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ். கிரீடத்தின் இருபுறமும் ‘வி’, ‘ஆர்’ இருந்தால் விக்டோரியா காலம் (1837-1901). ‘ஜி’, ‘ஆர்’ என்றால் ஜார்ஜ் மன்னர்களில் ஒருவர்.

■ கைகோத்து நிற்கும் இரட்டையர் உருவம்: சோலிங்கனின் ஹெங்கல்ஸ். 1731இல் பதிவான முத்திரை.

■ கிரீடம் வைத்த கை: பிரெஞ்சு ஒப்பினெல். அலகைப் பூட்டும் வளையம் இருந்தால் 1955க்குப் பிந்தியது.

■ அகன்ற அம்புக்குறி: பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. அம்பின் கீழ் ‘ஐ’ எழுத்து இருந்தால் இந்திய ராணுவத் தளவாடம்.

■ ‘பெங்கால்’ என்று பொறித்த சவரக் கத்தி வங்காளத்தில் செய்ததல்ல. அது ஷெஃபீல்டு கம்பெனி ஒன்றின் வியாபாரப் பெயர்.
━━━━━━━━━━━━━━━━

சேலத்துக் கத்தி சேலத்தில் இல்லை

முத்திரையில் நம்மூர்ப் பெயரே இருந்து, அது உண்மையாகவும் இருக்கிற அபூர்வமான கேஸ் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஏல நிறுவனங்களில் அவ்வப்போது ஒரு வகை வேட்டைக் கத்தி வரும். தடித்த அலகு, மான் கொம்புப் பிடி, பார்த்தால் அசல் ஷெஃபீல்டு. ஆனால் அலகில் ஆங்கில எழுத்தில் ‘அருணாசலம், சேலம்’ என்று குத்தியிருக்கும். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கோணல். ‘அர்னாசெல்லம்’ என்று படிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலத்தில் பட்டறை வைத்திருந்த இந்தக் கொல்லரின் பன்றி வேட்டை ஈட்டிகளுக்கும் கத்திகளுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளிடம் அப்படியொரு கிராக்கி. வேட்டைப் பிரியர்களான ராணுவ அதிகாரிகளின் எழுத்தில் சேலத்து ஈட்டியும் கத்தியும் மரியாதையோடு பேசப்படுகின்றன. ஷெஃபீல்டு கத்தியையே சீமையிலிருந்து வாங்க வசதியுள்ளவர்கள், சேலத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இல்லாமலா?

காரணம் மண்ணில் இருந்தது. சேலத்தை ஒட்டிய கஞ்சமலை, காந்தத்தை ஒட்டிக்கொள்ளும் கறுப்பு இரும்புக் கல்லுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டில் மூசையில் (களிமண் கிண்ணத்தில்) உருக்குக் காய்ச்சும் தொழிலின் வேர் மிக ஆழமானது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. மேல்சிருவளூர் கிராமத்தில் உலோக ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன், உருக்குக் காய்ச்சிய மூசைகளின் குவியலையே அடையாளம் கண்டார். ‘வூட்ஸ்’ என்று ஐரோப்பா அழைத்த இந்த உருக்கின் மாதிரியை வைத்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். மின்சாரத்துக்குப் போகும் முன்பு மைக்கேல் ஃபாரடே 1819இல் மண்டையைக் குழப்பிக்கொண்டதும் இதே உருக்கோடுதான். அவருக்குத் துணை நின்ற ஜேம்ஸ் ஸ்டோடர்ட் அறுவைக் கருவிகள் செய்து விற்ற லண்டன் கத்தி வியாபாரி.

இங்கே ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரைச் சொல்லாமல் போனால் கதை முழுமையாகாது. சேலத்தில் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக இருந்த இவர், நம்மூர்க் கொல்லர்களின் இரும்பைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். ஆலை படுத்துவிட்டது. கடனோடு இங்கிலாந்து போனவர், 1839இல் உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டில் நல்ல உருக்கின் விலை சரிந்தது. கத்தித் தொழில் கொழித்தது. காப்புரிமையைச் சுற்றி வளைத்து ஏய்த்தவர்களோடு கோர்ட்டில் மல்லுக்கட்டியே ஹீத் 1851இல் வறுமையில் இறந்தார். ஆக, காரைக்குடிக் கடையில் இருக்கும் அந்த விக்டோரியா காலத்து ஷெஃபீல்டு கத்திக்குள் சேலத்தில் தொடங்கிய ஒருவரின் கிறுக்கு கரைந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

அருணாசலத்தின் கத்திகள் இன்று சேலத்துக் காயலான் கடைகளில் கிடைப்பது அரிது. வாங்கியவர்கள் ரிட்டயர்டாகி ஊருக்குப் போகும்போது எடுத்துப்போய்விட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பரணைச் சுத்தம் செய்யும்போது ஏலத்துக்கு வருகின்றன. செய்த ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கப்பலில் திரும்பி வந்தவை

தமிழ்நாட்டுக் குவியல்களில் கிடைக்கும் ‘விநோத’ கத்திகளில் பெரிய பங்கு, வெளியே போய்த் திரும்பிய தமிழர்களோடு வந்தவை. இவற்றைத்தான் வியாபாரிகள் அதிகம் தப்பாகச் சொல்கிறார்கள்.

பிடிக்கும் அலகுக்கும் நடுவில் காப்பே இல்லாமல், உருளையான நீளப் பிடியும் லேசாக வளைந்த ஒருபக்க வாயும் கொண்ட கத்தி என்றால், ‘சாமுராய்’ என்று கதை கட்டுவார்கள். அது பெரும்பாலும் பர்மாவின் ‘தா’. கறுப்பாக்கிய அலகில் வெள்ளிக் கம்பி பதித்து ஜாதகக் கதைக் காட்சிகளும் பர்மிய எழுத்தும் இருந்தால் அது வேலைப்பாடு தெரிந்த பட்டறையின் சரக்கு. ரங்கூனிலும் மோல்மேனிலும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டிநாட்டு வீடுகளின் பரணில் இது இருப்பதில் ஆச்சரியம் என்ன?

பாம்புபோல நெளிந்த அலகு, அடிப்பக்கம் ஒருபுறம் மட்டும் அகன்றிருந்தால் மலேயாவின் கிரீஸ். நெளியாத, நேரான கிரீஸும் நிறைய உண்டு என்பதால் அடிப்பக்க அகலம்தான் சரியான அடையாளம். முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், நாகூர் பக்கத்து வீடுகளில் இதை எதிர்பார்க்கலாம்.

வெள்ளி பதித்த, யானைத் தந்தமோ எருமைக் கொம்போ பிடியாக வைத்த, தடித்த முதுகுள்ள சின்னக் கத்தி என்றால் கண்டியின் ‘பிஹாகெட்ட’. கண்டி அரசனின் பட்டறைகளில் செய்து பிரபுக்களுக்குப் பரிசளிக்கப்பட்டவை. உறைக்குள் கூடவே ஒரு எழுத்தாணியும் இருக்கும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் சிங்களக் கலைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இந்தக் கைவேலையை விரிவாகப் பார்க்கலாம்.

இவை மூன்றும் கௌரவமான கத்திகள். இவற்றைவிட அதிகம் கிடைப்பவை, எவரும் மதிக்காத கத்திகள். அலகின் நுனி மட்டும் ‘வி’ வடிவில் மடங்கி, கரண்டிக்கும் உளிக்கும் நடுவாந்தரமாக நிற்கும் ஒன்றைக் கண்டால், அது ரப்பர் பால்வெட்டும் கத்தி. மலாயாத் தோட்டங்களின் ‘ஜெபோங்’ கத்தி இந்த ரகம். மரத்தின் பட்டையை உள்தோல் காயப்படாமல் காகிதக் கனத்துக்குச் சீவ வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கோணல் நுனி. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் விடிவதற்கு முன்பே பால்வெட்டப் போகிறவர்கள் கையில் இதன் உறவுக்காரக் கத்திகளைப் பார்க்கலாம். கிளி மூக்குபோல வளைந்த கனமான கத்தி என்றால் தேயிலைச் செடி கவாத்து வெட்டுவது. நீலகிரியிலிருந்தோ, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களின் மூட்டையிலிருந்தோ வந்திருக்கலாம். அகன்ற நீள அலகில் முதலைப் படம் குத்தியிருந்தால், அது பர்மிங்காமின் ரால்ஃப் மார்ட்டின்டேல் கம்பெனிக் கத்தி. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் தோட்டங்கள் எல்லாவற்றிலும் காடு வெட்டியது அந்த முதலை.

கடல் தாண்டாத கருவிகளுக்கும் இதே கதிதான். காகிதம்போல மெலிந்து, கை அகலத்துக்கு விரிந்த பளபளப்பான அரிவாளை ‘களரிக்கத்தி’ என்று விற்பார்கள். பனையேறியிடம் காட்டிப் பாருங்கள், பாளை அரிவாள் என்று உடனே சொல்வார். பாளையின் நுனியைத் தினமும் ஒரு நூல் கனத்துக்குச் சீவினால்தான் பதநீர் ஊறும். அரிவாள் பெட்டியில், பாளையை நசுக்கும் கடிப்போடு சேர்ந்து அவர் இடுப்பில் தொங்கிய சாமான். செருப்புத் தைப்பவர் தோல் வெட்டும் அரைவட்டக் கத்தி ‘போர்க்கோடரி’ ஆகிவிட்டது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்காவது சினிமா புண்ணியத்தில் ஊர்ப் பெயர் நிலைத்தது!

யுத்தம் முடிந்து தேங்காய் வெட்ட

இரண்டாம் உலகப் போர் மிச்சம் வைத்துவிட்டுப் போனது ஏராளம். லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் 1907 ரக பயனெட்டின் அலகு 17 அங்குல நீளம். இந்தியாவில் போர்க் காலத்தில் அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். ‘ஆர்.எஃப்.ஐ’ என்று இருந்தால் வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. துப்பாக்கியில் மாட்டும் வளையத்தை அறுத்துவிட்டு, மரப்பிடி போட்டு, இளநீர் சீவப் பயன்படுத்திய பயனெட்டுகள் உண்டு. அப்படி மாற்றியதால் மதிப்புக் குறைந்துவிட்டது என்று சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த மாற்றம்தான் பிடித்திருக்கிறது.

கூர்க்காக் கத்தியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அம்புக்குறி, ஆண்டு, ஆய்வாளர் எண் மூன்றும் இருந்து, பிடியில் அலங்காரம் எதுவும் இல்லாமல் மொண்ணையாக இருந்தால் ராணுவச் சரக்காக இருக்க வாய்ப்பு. சிங்கத் தலைப் பிடி, அலகெல்லாம் பூ வேலை, பெரிதாக ‘இந்தியா’ என்ற எழுத்து இருந்தால் அது வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்த ஞாபகப் பொருள். போர் முனையைக் கண்டதே இல்லை.

நேற்றுப் பிறந்த பழசு

புதுக் கத்தியைப் பழசாக்குவது பெரிய வித்தையல்ல. அமிலத்தில் முக்குவார்கள், ஈர மண்ணில் புதைப்பார்கள், புகையில் காட்டுவார்கள். கவனித்தால் பிடிபட்டுவிடும். உண்மையான பழைய துரு கறுத்து, கெட்டியாக, இடத்துக்கு இடம் வேறுபட்டிருக்கும். போலித் துரு செம்மண் நிறத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிந்திருக்கும்; விரலில் ஒட்டும். கை படும் இடம் தேய்ந்திருக்க வேண்டும். கை படாத மூலையும் அதேபோலத் தேய்ந்திருந்தால் யாரோ மெனக்கெட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அலகைத் தீட்டித் தீட்டி ஒல்லியாகியிருந்தால் அது வேலை செய்த கத்தி. அலகு முழுசாக இருந்து பிடி மட்டும் கிழடுதட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

‘டமாஸ்கஸ்’ என்ற பெயரில் அலை அலையாக, ஏணி ஏணியாகக் கோலம் போட்ட அலகுகள் ஆன்லைனில் குவிகின்றன. இரண்டு ரக உருக்கை அடுக்கி மடித்து அடித்த நவீன வேலை அது. பாகிஸ்தானின் வாசிராபாத் இதில் பெரிய மையம். கத்தியாக நன்றாகவே இருக்கலாம். ஆனால் மூசையில் காய்ச்சிய பழைய உருக்கின் ரேகைகள் அவ்வளவு பளிச்சென்று கத்தாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

━━━━━━━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: வாங்குவதற்கு முன் சட்டம்

■ நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக் கொடுத்துவிட நினைப்பவர்கள், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்வது நல்லது.

■ கிணறு வெட்டும்போதோ உழும்போதோ கிடைத்ததென்றால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

■ 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ உரியதாக இல்லாவிட்டால் ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வருகிறது.

■ தந்தப் பிடி என்றால் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இந்திய யானைத் தந்தத்தின் வியாபாரம் 1986இலும், ஆப்பிரிக்கத் தந்தத்தின் வியாபாரம் 1991இலும் தடை செய்யப்பட்டன. மான் கொம்புப் பிடியிலும் வன உயிரினச் சட்டச் சிக்கல் இருக்கிறது.

■ தந்தமா, எலும்பா? தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல மெல்லிய கோடுகள் ஓடும். எலும்பில் பொடிப் பொடியாகக் கறுப்புத் துளைகள் தெரியும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள்.
━━━━━━━━━━━━━━━━

தப்புப் பெயரின் விலை

சட்டப் பெட்டியில் மூன்றாவது வரியைக் கவனியுங்கள். வீட்டு வேலைக்கானதா, விவசாயத்துக்கானதா, தொழிலுக்கானதா, அல்லது ஆயுதமா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. கவாத்துக் கத்தியை ‘பாளையக்காரர் வாள்’ என்று ரசீது போட்டு வாங்குகிறவர், இல்லாத சிக்கலைத் தன் செலவில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். நேர்மாறாக, உண்மையான நூறு வருடத்துப் பொருளை ‘பழைய சமையல் கத்தி’ என்று பார்சலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், குறைந்தது ஆறு மாதச் சிறைத்தண்டனை சொல்லும் சட்டத்தின் முன்னால் போய் நிற்கிறார்.

அதைவிடப் பெரிய சேதம் வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறது. வாங்கியவுடன் எல்லோரும் செய்வது, பளபளப்பாக்குவது. புளி போட்டுத் தேய்ப்பார்கள். அந்தப் புளிப்பு அலகின் மேல்தோலைத் தின்றுவிடும். சாணைக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் சுற்றும் கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் போதும், ஆழமில்லாமல் குத்தியிருக்கும் முத்திரை காணாமல் போகும். சேலம் அருணாசலம் என்ற பெயர் எத்தனை சாணைக்கல்லில் பொடியாகியதோ! பிடி ஆடுகிறதென்று பழைய அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு ஃபெவிகால் ஊற்றுவார்கள். அரக்கும் மரப்பொடியும் கலந்து பிடி போடும் முறையே ஒரு வட்டாரத்தின் கைரேகை. அதுவும் போச்சு.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மென்மையான துணியில் தூசி துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வைத்தால் போதும். தோல் உறை இருந்தால் கத்தியை அதற்குள் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் விடும். உறையைத் தனியாக வையுங்கள், தூக்கிப் போட்டுவிட வேண்டாம். முத்திரை மங்கலாக இருந்தால் சுரண்டுவதற்குப் பதில் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் போட்டோ எடுங்கள். தெரியாத எழுத்தெல்லாம் தெரியும்.

ஆளைத் தேடுவதிலும் நாம் தலைகீழாகவே போகிறோம். பழைய கத்தி கிடைத்தவுடன் மியூசியத்துக்கு ஓடுகிறார்கள். கட்டாரியோ வாளோ என்றால் எழும்பூருக்குப் போவது சரி. மற்றவற்றுக்கு முதலில் போக வேண்டிய இடம் கொல்லுப்பட்டறை. பழைய கொல்லர் அலகைத் தட்டி ஓசை கேட்டும், வாய்ப்பக்கம் மட்டும் உருக்கு வைத்து அடித்திருப்பதைக் கண்ணால் பார்த்தும், தோய்ச்சல் எப்படி என்பதைச் சொல்லிவிடுவார். ‘இது என்ன கத்தி?’ என்று கேட்டால் அவருக்குமே தெரியாமல் இருக்கலாம். ‘இதை எந்த வேலைக்குச் செய்வீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அலகின் கனம், வளைவு, பிடியின் சாய்வு மூன்றையும் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவார்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் பாக்கி இருக்கிறது. எவ்வளவு பழசு, எந்த ராஜா என்பதையெல்லாம் கேட்டால் கதைதான் கிடைக்கும். இது எந்த ஊர்ச் சரக்கோடு வந்தது என்று கேளுங்கள். தார்ப்பாய்க் கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும், ஊர் ஊராகச் சைக்கிளில் போய் எடைக்கு எடுத்துவந்து அவருக்குப் போடுகிறவருக்கு அது தெரியும். வீடு இடித்தபோது கிடைத்ததா, தோட்டத்து லயத்திலிருந்து வந்ததா, பர்மா காலனிக்காரர் போட்டதா என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பார். ஒரு கைமாறியதும் அந்தத் தகவல் மங்கும், இரண்டாவது கைமாறியதும் போய்விடும். ஊர், வீடு, அந்த வீட்டில் இருந்தவர் பார்த்த வேலை, வாங்கிய தேதி. இவ்வளவையும் ஒரு அட்டையில் எழுதி, நூலால் பிடியில் கட்டி வையுங்கள். பசை போட்டு மட்டும் ஒட்டாதீர்கள்.